புள்ளியில்லாத உப்புக்கொத்தி

இப்போதெல்லாம் நான் காரில் இடப்பக்கம்தான் உட்காருகிறேன். ஓட்டுகிற இடத்தில் வேறு ஆள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைத்துப்போகிற பெரியவர் மாதிரி பேசாமல் இருக்கிறேன். தெரிந்தவர் யாராவது பக்கத்துக் காரில் வந்தால் கைப்பேசியை எடுத்து, அதில் ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வேன். எல்லாம் வெட்கம்தான். வாயாலேயே பேர் வாங்கியவனுக்கு வெட்கம் வந்தால் அது கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும்.

ஈப்போ பக்கத்தில் பறவை பார்க்கப் போகிற தமிழர்களைத் திரட்டினால் ஒரே காரில் அடக்கிவிடலாம். நான் ஒருவன். ஜெலாப்பாங்கில் டயர் கடையில் வேலை பார்க்கிற என் கூட்டாளி ஒருவன். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இன்னொருவர் சிலிம் ரிவரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களைவிட வயதில் சின்னவர். நல்ல கேமராவும், முக்காலியில் நிறுத்துகிற பெரிய தொலைநோக்கியும் அவரிடம்தான் உண்டு. எங்களோடு அவ்வப்போது வந்து ஒட்டிக்கொள்கிற சிலரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு புலனக் குழு வைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் எனக்கு ஒரு பட்டம் உண்டு. 'கண்ணு.' மச்சான்தான் வைத்தான். "நம்ம கண்ணு என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் எந்தப் பறவைக்கும் பெயர் வைப்பார்கள். அதில் எனக்கு மண்டைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்குக் கழுகு, இருவாச்சி மாதிரி ஆடம்பரமான பறவைகள்மேல் அவ்வளவு ஆசை கிடையாது. அவற்றை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்கள். என் ஆசையெல்லாம் மழைக்காலம் தொடங்கும்போது வடக்கே இருந்து வந்து இறங்குகிற உள்ளான்களும் உப்புக்கொத்திகளும்தான். கரைப்பறவை என்பதால் கடற்கரையில்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிப் பறவைகளுக்கு உழுது போட்ட நிலமே போதும். மண் புரண்டு கிடக்க வேண்டும், மழைத்தண்ணீர் ஆங்காங்கே தேங்க வேண்டும், சுற்றிலும் மரமில்லாமல் வெட்டவெளியாக இருக்க வேண்டும். பழுப்பு மண்ணில் பழுப்புப் பறவை. நின்றால் மண்கட்டி, நடந்தால்தான் பறவை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும், அந்தக் கண் என்னிடம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாங்கள் போகிற நிலம் கம்பார் தாண்டிப் பழைய சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பிறகு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். செம்பனையும் கிழடாகி, வெட்டிச் சாய்த்துவிட்டு இப்போது சோளம் போடுகிறார்கள். அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு உழுது போட்டிருக்கிற வாரங்களில், பொன்னிற உப்புக்கொத்திகள் கூட்டமாக வந்து இறங்கும். முதுகெல்லாம் மஞ்சள் புள்ளி தெளித்த பறவை. வெட்டிய செம்பனை வேர்க்கட்டைகள் ஓரத்தில் குவிந்திருக்கும். அவற்றின் மறைவில் உட்கார்ந்தால் பறவைகள் நம்மைக் கண்டுகொள்ளாது.

பத்து வருடமாக நான் தனியாகவோ மச்சானுடனோதான் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு இதில் ஒரு நாட்டமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே எழுந்து சேற்றில் போய் நிற்கிறவனைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, அதை அவள் வெளியில் சொல்லவில்லை. குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் மற்றவர்கள் வெளியிலேயே சொல்வார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி என் காலணியில் சேற்றைப் பார்த்தால், "என்னண்ணே, இன்னிக்கு ஏதாச்சும் நம்பர் கெடச்சுச்சா?" என்பான். பறவையை வைத்து லாட்டரிக்கு நாலு நம்பர் எடுப்பதற்காகத்தான் நான் போகிறேன் என்று அவன் தீர்மானம்.

போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு, திடீரென்று என் மனைவி, "நானும் வாரேங்க," என்றாள்.

"எங்க?"

"நீங்க போற எடத்துக்குதான். வீட்ல தனியா ஒக்காந்து என்ன பண்ண? பறவை பாக்கலாம்னு ஆசையா இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி முப்பது வருடத்துக்குப் பிறகு மனைவிக்கு நம் ரசனை தொற்றிக்கொண்டால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? அவளுக்கென்று ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தேன். குழுவில் படம் போட்டேன். 'எங்கள் புதிய உறுப்பினர்' என்று எழுதினேன். மச்சான் கைதட்டும் கைப்படங்களை வரிசை வரிசையாக அனுப்பினான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாள். விடியுமுன் எழுந்து இடியாப்பம் அவித்து, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி, எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு குறை. வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவாள். அதுவும் ஊர்க்கதை இல்லை, சாலைக்கதை. "முன்னால ஒரு மோட்டார் போகுது பாருங்க." "செவப்பு வுழுந்துருச்சுங்க." "லெப்ட்ல லோரி நிக்குது." "குழி, குழி." நான் எரிந்து விழுவேன். "நான் என்ன குருடனா? முப்பது வருசமா லைசென்ஸ் வச்சிருக்கேன் லா!" என்பேன். அவள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்வாள். பிறகு மெதுவாக, "கெழவி ஒருத்தி ரோட்ட தாண்டுறாங்க," என்பாள்.

இதை நான் குழுவில் ஒரு நகைச்சுவையாகவே ஆக்கிவைத்திருந்தேன். என் காரில் வழிகாட்டிக் கருவி தேவையில்லை, அதற்குச் சம்பளமில்லாத ஆள் ஒன்று வைத்திருக்கிறேன் என்று சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒரு தடவை சாலைச் சந்திப்பில் நான் வலப்பக்கம் திருப்பும்போது அவள் என் கையை இறுகப் பிடித்து இழுத்தாள். பிரேக் போட்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று போனது. ஒரு பெண் ஓட்டினாள், பின்னால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. அந்தப் பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் என் மனைவியைத்தான் திட்டினேன். ஓட்டுகிறவன் கையைப் பிடித்து இழுப்பவள் எங்கேயாவது உண்டா, நான் அந்த மோட்டாரை அப்போதே பார்த்துவிட்டேன் என்று கத்தினேன். பொய். நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் கண்ணில் வெயில் அடித்தது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உண்டு. கிளினிக்கில் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்வார்கள். போன வருடம் அதற்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி அந்த அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, "போயிட்டு வந்துருங்க," என்று விடாமல் சொன்னாள். ஒருநாள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, அட்டையை உருவிக் குப்பையில் போட்டேன். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நான் வேலை பார்க்கிற ஸ்டோரில் திருகாணி உறையில் எறும்பு மாதிரி அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போடாமலே படிப்பேன். கூட வேலை பார்க்கிற இளவட்டங்கள் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். அப்படிப்பட்டவனைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் கோபம் வராதா? அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தூரத்தில் இருப்பதுதான் கொஞ்ச காலமாகப் புகைமூட்டமாக இருந்தது. அதற்கும் நான் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பைனாகுலர் லென்சில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஈப்போ டவுனில் கேமரா கடைச் சீனரிடம் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். அவர் விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், லென்ஸ் ஓகே லா. பூஞ்சை எல்லாம் தடா, இல்ல," என்றார். வேலை தெரியாத ஆள் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இனி அந்தப் பறவைக்கு வருகிறேன்.

இந்தத் தீபாவளி முடிந்த ஞாயிறு. முதல் நாள் நல்ல மழை. நிலத்தில் தண்ணீர் தட்டுத் தட்டாக நின்றது. வேர்க்கட்டைகளுக்குப் பின்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். பொன்னிற உப்புக்கொத்திக் கூட்டம் வழக்கம்போல் நிலத்தின் நடுவில் இருந்தது. கூட்டத்தை விட்டு விலகி, ஒரு மேட்டின்மேல் ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. வெளிறிய முகம். முதுகில் ஒரு புள்ளியும் இல்லை, துடைத்து வைத்ததுபோல் ஒரே பழுப்பு. எங்கள் குழுவில் யாரும் பார்த்திராத ஓரியண்டல் புளோவர் என்கிற இன்னொரு வகை உப்புக்கொத்தி உண்டு. மங்கோலியப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் எப்போதாவது ஒன்று இங்கே இறங்கினால்தான் உண்டு. அதற்குத்தான் முதுகில் புள்ளி கிடையாது.

பைனாகுலரை மனைவியிடம் கொடுத்தேன். "பாரு, பாரு. அந்த மேட்டு மேல. ஆயுசுக்கும் மறக்க முடியாது."

அவள் வாங்கிப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள். "அழகா இருக்குங்க. புள்ளி புள்ளியா, மஞ்சப்பொடி தூவுன மாதிரி."

"அது வேற. நீ கீழ நிக்கிறதப் பாக்கிற. மேட்டுல நிக்கிறதப் பாரு."

"மேட்டுல நிக்கிறதத்தான் சொல்றேன்."

"ஒனக்கு இன்னும் கண்ணு பழகல," என்று சிரித்தேன். பைனாகுலரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சந்தோஷத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அங்கிருந்தபடியே குழுவில் எழுதினேன். 'ஓரியண்டல் புளோவர். ஒன்று. சந்தேகமே இல்லை.' கைப்பேசி அன்று முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு எல்லாரும் வருவதாக முடிவானது. அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே கவலை, பறவை பறந்துவிடக் கூடாது. வேலைக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் அதைத்தான் பேசிக்கொண்டு போனேன். சில மாதமாக அவன் காரில்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என்னைப் போல அவனுக்கும் ஜெலாப்பாங்கில்தான் வேலை, ஒரே வழிக்கு இரண்டு கார் எதற்கு என்று என் மனைவி சொன்ன யோசனை.

ஞாயிறு வந்தது. டீச்சர் சிலிம் ரிவரிலிருந்து இருட்டோடு புறப்பட்டு வந்திருந்தார். மச்சான் முதல் நாள் வேலை முடிந்து சரியாகத் தூங்காமலே வந்திருந்தான். நான் முன்னால் நடந்தேன். கூட்டம் அங்கேயே இருந்தது. மேட்டின்மேல் அதுவும் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"அதோ!" என்று கையை நீட்டினேன். "நிக்கிற தோரணையப் பாருங்க லா. பொன்னுப் பறவை இப்படி நிமிந்து நிக்குமா?"

டீச்சர் தொலைநோக்கியை நிறுத்திக் குனிந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து மச்சானுக்கு இடம் விட்டார். மச்சான் குனிந்தான். பிறகு இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் பார்த்தார்கள். என் பின்னால் என் மனைவி இடியாப்பப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். பசி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆமாண்ணே," என்றார் டீச்சர். "அதான் போல இருக்கு."

"போல என்ன போல? அதேதான்!"

"அதேதான் மச்சான்," என்றான் அவன். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். நானும் ஒருமுறை தொலைநோக்கியில் பார்த்தேன். ஒரே மங்கல். கானல் எழும்பிவிட்டது என்றேன். அந்த நேரத்தில் சூரியன் மலைக்கு மேலே வந்திருக்கவே இல்லை. அதை யாரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எல்லாருக்கும் ரொட்டிச் சானாய் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கும்படி, அந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். டீச்சர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். மச்சான் தே தாரேக்கை ஆற்றி ஆற்றிக் குடித்தான். என் மனைவி மட்டும், "போதுங்க, ஆறிப் போகுது, சாப்புடுங்க," என்றாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோலாலம்பூரில் அபூர்வப் பறவைகளைப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படத்தோடு அனுப்ப வேண்டும் என்று டீச்சரைப் படம் கேட்டேன். கேமரா அட்டையில் ஏதோ கோளாறு என்றார். பிறகு பள்ளியில் தேர்வுத் தாள் திருத்துகிற வேலை என்றார். மறுபடியும் கேட்டபோது பதிலே இல்லை. "பொறாமை," என்றேன் மனைவியிடம். "தான் கண்டுபிடிக்கலையேன்னு பொறாமை. நல்ல கேமரா வச்சிருந்தா மட்டும் போதுமா?"

"விட்டுருங்களேன்," என்றாள் அவள்.

நான் விடவில்லை. படம் எடுக்கத் தெரியாதவர்கள் எதற்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று குழுவில் எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, கேமரா வைத்திருப்பவர் ஒருவர்தான்.

அன்று மாலை டீச்சர் எனக்கு மட்டும் தனியாக ஒரு படம் அனுப்பினார். 'மன்னிச்சிருங்கண்ணே, படம் இதுதான்' என்று ஒரு வரி.

கூடத்தில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எல்லாமே பளிச்சென்று தெரியும், சொன்னேனே. அதே மேடு. அதே தோரணை. முதுகு முழுக்க மஞ்சள் புள்ளி. கழுத்தில் புள்ளி. இறக்கை மடிப்பில் வரிசை வரிசையாகப் புள்ளி. வருடா வருடம் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிற சாதாரணப் பொன்னிற உப்புக்கொத்தி. முதல் தடவை பறவை பார்க்க வருகிறவனுக்கும் தப்பாது. அந்தப் புள்ளிகளைப் பறவை தொலைக்கவில்லை, என் கண்தான் அழித்திருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். மச்சானை அழைத்தேன். "நீயும் அதேதான்னு சொன்னியே. கண்ணு இல்லையா ஒனக்கு?" என்று கத்தினேன். அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் மச்சான். தங்கச்சி பின்னால நின்னு வேணாம்னு தலைய ஆட்டுச்சு. நான் என்ன பண்ண, சொல்லு?"

சமையலறைக்குப் போனேன். அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ தலைய ஆட்டினியாமே?"

கத்தியை நிறுத்தினாள். "ஆமா."

"எல்லாரும் சேந்து என்னக் கோமாளியாக்கிட்டீங்க."

"நாலு பேரு முன்னால நீங்க தலை குனியிறத என்னால பாக்க முடியாதுங்க. வீட்டுக்கு வந்து மெதுவா சொல்லலாம்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் நீங்க சந்தோசமா இருந்தீங்க. சொல்ல வாய் வரல." பிறகு, "புள்ளி இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்றாள்.

"என் கண்ணு சரியில்லன்னு ஒனக்கு எப்ப தெரியும்?"

"போன வருசம். பாசாருக்குப் போயிட்டு வரப்ப எதுத்தாப்புல வந்த ஸ்கூல் பஸ்ஸ நீங்க பாக்கவே இல்ல. நான் கத்தின பொறவுதான் பிரேக் போட்டீங்க. ஞாபகம் இருக்கா? சாமி புண்ணியம். அந்த வாரத்துலேர்ந்துதான் நானும் வாரேன்னு சொன்னேன்."

"பறவை பாக்க ஆசைன்னுதானே வந்தே?"

"எனக்கு எங்கங்க பறவை தெரியும்? காக்கா தெரியும், கோழி தெரியும். நான் ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தேன்."

"பக்கத்து வீட்டுத் தம்பி காடியில நான் வேலைக்குப் போனது?"

"நான்தான் அவன்கிட்ட கேட்டேன். தெனமும் ஜெலாப்பாங் வரைக்கும் நான் கூட வர முடியாதுல்ல."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னேனே. அட்டையக் குப்பையில போட்டீங்க. எங்கிட்ட பேசவே இல்ல. திரும்ப வாயத் தொறந்தா கோவிச்சுக்கிட்டுத் தனியா போயிருவீங்கன்னு பயந்தேன் லா. கூட ஒக்காந்து வந்தா எப்படியாச்சும் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அதுவும் தப்புதான். வேற எவன் புள்ளையாவது அடிபட்டிருந்தா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

மோட்டார் சைக்கிளில் போன பெண்ணும் பின்னால் இருந்த பிள்ளையும் என் கண்முன் வந்து நின்றார்கள். அன்று நான் பார்க்காதவர்களை இப்போது தெளிவாகப் பார்த்தேன். பறவையைத் தப்பாகச் சொன்ன வெட்கமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. கார்ச் சாவியை எடுத்து வந்து பயத்தங்காய்த் தட்டின் பக்கத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்து அரிசி டின்மேல் வைத்தாள்.

அன்றிரவே குழுவில் எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: 'நான் சொன்னது தப்பு. அது பொன்னிற உப்புக்கொத்திதான். என் கண் சரியில்லை. டீச்சர் எடுத்த படம் நல்ல படம். நான் எழுதியது அசிங்கம். மன்னித்துக்கொள்ளுங்கள்.' வீட்டில் வராத வார்த்தை கைப்பேசியில் வந்தது. டீச்சர் உடனே பதில் போட்டார். 'பரவால்லண்ணே. கண்ணக் காட்டிட்டு வாங்க. பறவை அடுத்த வருசமும் வரும்.' எப்போதும் எதையாவது அனுப்புகிற மச்சான் அன்று ஒன்றும் அனுப்பவில்லை. மறுநாள் விடியுமுன் வீட்டு வாசலில் வந்து நின்று, என்னை ஏற்றிக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போனான்.

இரண்டு கண்ணிலும் புரை. இனிப்பு நீரால் உள்ளேயும் கொஞ்சம் சேதம். புரை இருப்பவர்களுக்குச் சில சமயம் பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், அதை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை ஆகும்வரை வண்டியைத் தொடக்கூடாது. ஆன பிறகும் எவ்வளவு தெரியும் என்று இப்போதே சொல்ல முடியாது. அவர் சொல்லச் சொல்ல மச்சான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தான். குழுவின் 'கண்ணு' நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

போன ஞாயிறு மச்சான் என் காரையே ஓட்ட, நிலத்துக்குப் புறப்பட்டோம். நான் இடப்பக்கம். மனைவியை நான்தான் வற்புறுத்தி அழைத்தேன். "இன்னிக்கு ரோட்ட அவன் பாத்துப்பான். நீ நெசமாவே பறவை பாரு," என்றேன். அவள் சிரித்தாள். வழக்கம்போல் இடியாப்பமும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். உப்புக்கொத்தியையும் உள்ளானையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வருடத்து அலட்டலுக்கு அதுவாவது ஈடாகட்டும் என்று ஒரு நினைப்பு.

சிம்பாங் பூலாய் சமிக்ஞை விளக்கில் கார் நின்றது. விளக்கு சிவப்பா பச்சையா என்று பின்னாலிருந்து குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கோப்பெங் போனது, கம்பார் போனது, மண் பாதையில் கார் குலுங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இருட்டில் எழுந்து இடியாப்பம் அவித்துவிட்டு, இந்தச் சாலையில் ஒரு நிமிடம்கூட அவள் கண்ணை மூடியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மச்சான் வேர்க்கட்டைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினான். "எழுப்பவா?" என்று சைகையில் கேட்டான்.

"வேணாம் லா. நீ போ," என்றேன்.

அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நிலத்துக்குள் நடந்தான். தூரத்தில் உப்புக்கொத்திகள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. என் பக்கத்துக் கதவைத் திறந்தால் எப்போதும் கிறீச்சென்று கத்தும், அதனால் நான் இறங்கவில்லை.